பன்னிரண்டு வீட்டு அரசின் 347-ஆம் கடிதம்

தையல்காரி எட்டாவது குடத்தைப் படியேற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடிக்கு முப்பத்தாறு படி. பதினெட்டாம் படியில் ஒரு நிமிடம் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வாள். மூச்சு வாங்குகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அது. பதினோரு வருடமாக வாரைச் சரிசெய்துகொண்டே இருக்கிறாள். இதற்குள் செருப்புகள் எத்தனையோ மாறிவிட்டன, படி மாறவில்லை.

குழாய் இருந்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டி, பாத்திரக்கடை முக்கில். காலை ஐந்தரைக்கு வந்து ஆறரைக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பத்துக் குடம் பிடித்தால் அவள் வீட்டில் அன்று சமையல், குளியல், தையல் துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி, எல்லாம் நடக்கும். ஒன்பதே குடம் என்றால் குளியலில் கை வைக்க வேண்டும். கண்டக்டர் வேலைக்குப் போகிற புருஷனைக் குளிக்காமல் அனுப்ப முடியாது என்பதால், கை வைப்பது எப்போதும் தன் குளியலில்தான்.

அன்று ஒன்பதாவது குடத்துக்குப் போனபோது பாத்திரக்கடைக்காரி தன் பெரிய டிரம்மைக் குழாய்க்கு அடியில் நகர்த்தி வைத்துவிட்டாள்.

"வரிசையில நான் இருக்கேன்மா," என்றாள் தையல்காரி.

"எங்க குழாய், எங்க தண்ணி. உனக்கு வேணும்னா உங்க நாட்டுல போய்ப் புடிச்சுக்க."

வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.  தையல்காரி காலிக் குடத்தோடு பாலத்தில் திரும்பி நடந்தாள். கோபத்தைவிட யோசனைதான் அதிகமாக இருந்தது. அந்தப் பொம்பளை சொன்னதில் தப்பொன்றும் இல்லையே என்று பட்டது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் இரண்டு கால்வாய்கள், பழையது ஒன்று, புதியது ஒன்று. மேற்கு நகராட்சி வரைபடம் போட்டபோது பழைய கால்வாயோடு தன் எல்லையை முடித்துக்கொண்டது. கிழக்கு நகராட்சி நாற்பது வருடம் கழித்து வரைபடம் போட்டபோது புதிய கால்வாயிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு கால்வாய்க்கும் நடுவில் ஒரு மூன்றுமாடிக் கட்டடம், அதில் பன்னிரண்டு வீடு. அது இரண்டு வரைபடத்திலும் இல்லை. மின்சாரக்காரர்களுக்கு எல்லைக் கவலை கிடையாது, கம்பி போன இடமெல்லாம் அவர்கள் ஊர். தபால்காரருக்கு ஆட்களைத் தெரியும். தண்ணீருக்கு மட்டும் ஆளைத் தெரியாது. அதற்குக் குழாய் வேண்டும், குழாய்க்கு நகராட்சி வேண்டும்.

மேற்கே போனால், "நீங்க எங்க மேப்புல இல்லை" என்பார்கள். கிழக்கே போனால், மேப்பைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். "மனுவைக் கொடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் இரண்டு இடத்திலும் சொல்வார்கள். பன்னிரண்டு வீட்டு மனுவையும் அடுக்கி எடுத்துக்கொண்டு தையல்காரிதான் போவாள். இரண்டாவது பிரதியில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி மேல் வைத்து வெட்டுகிற அளவுக் காகிதமாக்கிக்கொள்வாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவளுக்குக் காகிதம் எவ்வளவு இருந்தாலும் போதாது. காலர், பாக்கெட், கைப்பட்டி ஒவ்வொன்றுக்கும் வயதுக்கு ஒரு அளவு வேண்டும். மனு எழுதிய தாள் கெட்டியான தாள். அதை வீணாக்குவானேன்?

அன்று கண்டக்டர் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "அண்ணன் மறுபடியும் போன் பண்ணினாரு. பின்பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்காம். தண்ணி இருபத்துநாலு மணி நேரமாம்."

"மெஷினை எங்க வைக்கிறது?"

"அண்ணி என்ன சொல்றாங்கன்னா, அங்க இருக்கிற இடத்துக்கு மெஷின் எதுக்கு, வித்துடலாமேன்னு..."

"உங்க அண்ணிக்கு அடுப்படியில எடுபிடிக்கு ஆள் வேணும். அதைச் சொல்லச் சொல்லுங்க."

கண்டக்டர் கெட்டவர் இல்லை. மனைவியின் முழங்கால் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பார்ப்போம். யூனிஃபார்ம் ஆர்டரை முடிச்சுக் கொடுத்துடு. அதுக்குள்ள தண்ணி வரலேன்னா கிளம்பிடுவோம். இதுக்கு மேல நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனார்.

பள்ளி திறக்க இரண்டு மாதம் இருந்தது. முன்னறையின் ஜன்னலோரத்தில் அவள் மெஷின். அந்த ஜன்னலையும் மெஷினையும் விட்டுவிட்டு ஓரகத்தியின் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பதை நினைத்தபோது, எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்து பாதியில் விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். தையல்காரி, மேல்மாடியில் குடியிருக்கும் அவள் நாத்தனார், கீழ்வீட்டு இன்வர்ட். இன்வர்ட் என்பது பெயரில்லை. ஒரு பெரிய கம்பெனியின் 'இன்வர்ட்' பிரிவில், வருகிற தபாலைப் பிரித்து, எண் போட்டு, பிரிவுக்கு அனுப்புகிற குமாஸ்தா அவர். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. உலகத்தை வருகிற தபால், போகிற தபால் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்.

"உங்க நாட்டுல போய்ப் புடிச்சுக்கன்னா சொன்னா? நான் இருந்திருக்கணும் அண்ணி, அந்த டிரம்மோட சேர்த்து அவளைக் கால்வாயில உருட்டியிருப்பேன்," என்றாள் நாத்தனார்.

"அவ சொன்னது சரிதானே. நாம யார் மேப்புலயும் இல்லை. அப்போ நாம தனி நாடுதான். சும்மா சொல்லலை, யோசிச்சுத்தான் சொல்றேன். நாடுன்னு அறிவிச்சுட்டா என்ன?"

நாத்தனார் சிரித்தாள். இன்வர்ட் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்றேன். நீங்க பதினோரு வருஷமா அனுப்பினது மனு. மனுவுக்குப் பதில் போடணும்னு எந்த ஆபீஸ்லயும் கட்டாயம் கிடையாது, கட்டி வெச்சுடுவாங்க. ஆனா ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதினா அது கடிதம். தலைப்பு இருக்கும், எண் இருக்கும், வட்ட முத்திரை இருக்கும். அதுக்குப் பதினஞ்சு நாள்ல பதில் போடலேன்னா அந்தப் பிரிவு குமாஸ்தாவுக்கு மெமோ. எங்க ஆபீஸ்ல அப்படித்தான். எல்லா ஆபீஸும் ஒரே ஜாதகம்தான்."

"அப்போ நமக்கு ஒரு அரசாங்கம் வேணும்," என்றாள் தையல்காரி.

"முத்திரை இருந்தாப் போதும்," என்றார் இன்வர்ட்.

அடுத்த ஞாயிறன்று பன்னிரண்டு வீட்டாரும் மொட்டைமாடியில் கூடி 'பன்னிரண்டு வீட்டு அரசை' அறிவித்தார்கள். தலைமைச் செயலர், தையல்காரி. தலைமைச் செயலகம், அவள் முன்னறை. வெளியுறவு, நாத்தனார்; வாய் அவளுக்குத்தான் நீளம் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய நீலத் துணியிலும் வெள்ளைத் துணியிலும் கொடி. நடுவில் ஒரு வாளி. நாத்தனார் பேச்சு சுவாரசியத்தில் வாளியைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள்.

"பிரிச்சுத் தைச்சுடறேன் அண்ணி."

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். காலி வாளி அப்படித்தானே கவுந்து கிடக்கும்? தண்ணி வந்தப்புறம் நிமிர்த்திக்கலாம்."

முத்திரைக்குத் தையல்காரியின் பழைய ரப்பர் செருப்புதான் கைகொடுத்தது. பதினெட்டாம் படியில் பதினோரு வருடம் குனிந்ததற்கு ஒரு செருப்பு அவ்வளவாவது செய்ய வேண்டாமா? நூல்கண்டை வைத்து வட்டம் போட்டு, பிளேடால் செதுக்கினாள். நடுவில் ஒரு கத்தரிக்கோல்.

கண்டக்டர் மட்டும் குடிமகனாக மறுத்துவிட்டார். "நான் அரசு பஸ்ஸுல வேலை பார்க்கிறவன். ரெண்டு அரசாங்கத்துக்கு உழைக்க முடியாது."

"சரி, அப்போ விசா வாங்கிக்குங்க," என்று ஒரு சீட்டில் முத்திரை குத்தி நீட்டினாள் மனைவி. 'அனுமதி: இரவுச் சாப்பாடு உட்பட' என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, டிக்கெட் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார்.

கடிதத்தை எழுதியது இன்வர்ட். எண் போடுகிற இடத்தில் பேனா நின்றது.

"ஒண்ணுன்னு போடுங்களேன்," என்றாள் நாத்தனார்.

"ஒண்ணாம் நம்பர் கடிதத்துக்கு எவன் பயப்படுவான்? நேத்து முளைச்சவன்னு தெரிஞ்சுடும். நம்ம கண்டக்டர் அண்ணன் போற பஸ் நம்பர் என்ன?"

"347."

347 என்றே போட்டார். எண் போட்டாயிற்று, இன்னொரு தந்திரம் பாக்கி. கடிதத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு அவங்க அவசரப்பட மாட்டாங்க. ஆனா ஒரு வேலையைத் தலையில கட்டினா, அது எங்க வேலை இல்லைன்னு சொல்றதுக்கு ஓடோடி வருவாங்க."

மேற்கு நகராட்சிக்குப் போன கடிதம் சொன்னது: தங்களுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள பழைய கால்வாயும், அதற்குக் கிழக்கே உள்ள நிலமும் தங்கள் பொறுப்பு என அறிகிறோம். பதினைந்து நாளில் தூர் வாரித் தரவும். கிழக்கு நகராட்சிக்குப் போனதும் அதேதான், புதிய கால்வாய், மேற்கே உள்ள நிலம் என்று மட்டும் மாற்றி.

ஒன்பதாம் நாள் மேற்கிலிருந்து பதில் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் பதில். தையல்காரி அதை மெஷின் மேல் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டுப் படித்தாள்.

'பெறுநர்: தலைமைச் செயலர், பன்னிரண்டு வீட்டு அரசு. பார்வை: தங்கள் கடித எண் 347. பழைய கால்வாயின் மேற்குக் கரையோடு இந்நகராட்சியின் எல்லை முடிவடைகிறது. அதற்குக் கிழக்கே உள்ள யாவும் தங்கள் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதால், தூர் வாருதல் தங்களையே சாரும்.'

"என்னை அரசாங்கம்னே எழுதிட்டான்யா," என்றாள்.

"அவன் படிச்சிருக்க மாட்டான் அக்கா. தலைப்பைப் பார்த்து எழுதியிருப்பான். முத்திரை இருக்கு, எண் இருக்கு, அவனுக்கு அது போதும்."

பதினோராம் நாள் கிழக்கிலிருந்தும் வந்தது. திசை மட்டும்தான் வேறு.

இரண்டு கடிதத்தின் நகலையும் இணைத்து, மாவட்ட அலுவலகத்துக்கு 348-ஆம் கடிதம் போனது. 'இரு நகராட்சிகளும் எங்கள் அரசை எழுத்துமூலம் ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், குடிநீர் வாங்குவதற்கு யாரோடு ஒப்பந்தம் செய்துகொள்வது எனத் தெரிவிக்கவும்.'

ஒரே வாரத்தில் நேரில் வரச்சொல்லி ஆணை வந்தது. பள்ளி திறக்க இன்னும் ஐந்து வாரம்.

மாவட்ட அதிகாரி தையல்காரியைவிடப் பத்து வயது இளையவள். மேசையில் கோப்புகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. கடிதத்தைக் காட்டிக் கேட்டாள்.

"தலைமைச் செயலர் நீங்கதானா?"

"ஆமா மேடம். யூனிஃபார்மும் தைக்கிறேன்."

"விளையாட்டா இது?"

"விளையாடறதுக்கு எங்க மேடம் நேரம்? தினமும் பத்துக் குடம் மாடியேத்தணும்."

அதிகாரி நகராட்சிக் கடிதங்களை மறுபடி படித்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு உங்களை விட்டுக் கொடுத்துட்டாங்க. அது எனக்கே அவமானம்தான். ஆனா ஒண்ணு. இது 347-ஆவது கடிதம்னா, அதுக்கு முன்னால 346 கடிதம் எங்க? இல்லாத எண்ணைப் போட்டிருந்தா இது பொய்யான ஆவணம். பொய்யான ஆவணத்தை வெச்சு நான் எந்த உத்தரவும் போட முடியாது. கோப்பை மூடிடுவேன். ஒரு வாரம் தர்றேன், கொண்டு வாங்க."

தையல்காரி வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் இன்வர்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் அக்கா. ஒண்ணுன்னே போட்டிருக்கலாம்."

"செருப்பை முத்திரைக்கு வெட்டியாச்சே," என்றாள் நாத்தனார். யாரும் சிரிக்கவில்லை.

கண்டக்டர் அவர்களைப் பார்த்தார். மெஷினை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்டிருப்பதாகச் சொல்லத்தான் வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

தையல்காரி மெஷினில் உட்கார்ந்தாள். யார் எதைச் சொன்னாலும் நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டை கொடுக்க வேண்டியதுதானே. ஆணியில் தொங்கிய அளவுக் காகிதக் கட்டிலிருந்து மூன்றாம் வகுப்புக் காலரை உருவித் துணி மேல் வைத்தாள். சாக்பீஸால் கோடு போடப் போனவள் நிறுத்தினாள். காலரின் வளைவில் தன் கையெழுத்து: '...குடிநீர் இணைப்பு வழங்கக் கோரி ஏற்கெனவே...' காலர் நுனியில் ஊதா நிறத்தில் 'பெறப்பட்டது', பக்கத்தில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அடுத்ததை உருவினாள். பாக்கெட். அதிலும் முத்திரை. முத்திரை விழுந்த இடத்தில் கத்தரி வைக்க அவளுக்கு எப்போதுமே ஒரு பயம், சர்க்கார் மை ஆயிற்றே என்று. எப்படி வெட்டினாலும் அந்த மூலையை மட்டும் விட்டு வெட்டியிருந்தாள்.

"ஏம்மா," என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அந்தப் பரண்ல இருக்கிற மூட்டையை இறக்கு. ரெண்டு மூட்டையையும்."

ஒரு வாரம் கழித்து அதிகாரியின் மேசை மேல் இரண்டு துணிமூட்டைகள் பிரிக்கப்பட்டன. அவள் மேலே இருந்த ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"சட்டைக் கை மேடம். அஞ்சாம் வகுப்பு. ரெண்டு மனுவை ஒட்டி வெட்டினது, அதனால அதை ரெண்டாக் கணக்கு வெச்சுக்கணும்."

"கடிதத்தைக் கேட்டா சட்டையைக் கொண்டு வந்திருக்கீங்க."

"கடிதமாத்தான் மேடம் கொடுத்தோம். பதில் வந்திருந்தா ஃபைல்ல போட்டு வெச்சிருப்பேன். வரலே. நான் தையல்காரி, சும்மா கிடக்கிற காகிதத்தைப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன். ஆனா எல்லாத்துலயும் முத்திரை இருக்கு, தேதி இருக்கு. உங்க ரெண்டு நகராட்சியும் குத்தினதுதான். அரசாங்கம்னு பேரு இப்பத்தான் வெச்சோம். எழுதினது அப்பலேர்ந்தே நாங்கதான்."

அதிகாரி ஒரு குமாஸ்தாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். தன் மேசையில் மற்ற வேலையைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு, நடுநடுவே ஒரு காலரை எடுத்துப் படித்தாள். 'என் மாமியாருக்குக் கால் முறிந்து', 'எட்டு மாத கர்ப்பிணியாகிய நான்', 'இத்துடன் ஏழாவது முறையாக'. வளைவில் வாக்கியம் அறுந்துபோகும்; மீதி எந்தக் குழந்தையின் சட்டை அளவிலோ போயிருக்கும். ஒன்றைக் கீழே வைத்தவள், வெகுநேரம் அடுத்ததை எடுக்கவில்லை.

எண்ணி முடிக்க மதியம் ஆயிற்று.

"முந்நூத்து அறுபத்திரண்டு மேடம்," என்றார் குமாஸ்தா.

"பதினாறு கூடவே இருக்கு," என்றாள் தையல்காரி. "347-ன்னு குறைச்சுத்தான் போட்டிருக்கோம். அதுக்கு மன்னிச்சுக்கணும்."

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. தொலைபேசியை எடுத்து இரண்டு நகராட்சிப் பொறியாளர்களையும் நாளைக் காலை பத்து மணிக்கு வரச்சொன்னாள். "மேப்பை எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். அப்புறம், ஆளுக்கொரு சட்டைக் கை தர்றேன், படிச்சுட்டு வந்து பேசுங்க."

குழாய் பதிக்க மூன்று வாரம் ஆயிற்று. மேற்கு தோண்ட வேண்டும், கிழக்கு மூட வேண்டும் என்று உத்தரவு. தோண்டியவர்களை மூடவந்தவர்கள் முறைத்துக்கொண்டே நின்றார்கள். நாத்தனார் வெளியுறவு என்ற முறையில் இரண்டு தரப்புக்கும் டீ கொடுத்து, இரண்டு தரப்பையும் திட்டினாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில், காலை ஆறு பத்துக்கு, பன்னிரண்டு வீட்டுக் குழாய்களும் முதலில் இருமின, பிறகு துப்பின, பிறகு கொட்டின. கட்டடம் முழுக்க ஒரே சத்தம். யாரும் கத்தவில்லை. அவரவர் வீட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி வாளியை வைத்தாள், நிரப்பினாள், கொட்டினாள், மறுபடி வைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டுமென்றே நான்கு வாளித் தண்ணீரில் குளித்தாள்.

வெளியே வந்தபோது கண்டக்டர் வேலைக்குப் புறப்பட்டு நின்றார். டிக்கெட் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினார்.

"விசா முடியப்போகுது. குடியுரிமைக்கு எங்க எழுதிப் போடணும்?"

"உங்க அண்ணனுக்கு முதல்ல போன் பண்ணிச் சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

"நேத்தே சொல்லிட்டேன்," என்றார். "அண்ணிதான் ரொம்ப வருத்தப்பட்டாங்க."

அந்த வாரமே பாத்திரக்கடை முக்குக் குழாயில் அடைப்பு. பாத்திரக்கடைக்காரி டிரம்மை விட்டுவிட்டு ஒரு சின்னக் குடத்தோடு பாலம் தாண்டி வந்தாள். வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள்.

"எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?"

"ஏம்மா, அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு..."

"மனசுல எதுவும் இல்லை. விசா இருக்கா?"

மேலேயிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள். "விடும்மா, புடிச்சுக்கட்டும். டிரம்மையும் கொண்டு வரச்சொல்லு."

கொடியில் வாளியைப் பிரித்து நிமிர்த்தித் தைத்தார்கள். அது மொட்டைமாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே தொங்கியது.

பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் மாவட்ட அதிகாரி வந்தாள். குழாயைப் பார்த்தாள், குடித்துப் பார்த்தாள். பிறகு முன்னறையில் மெஷினுக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். தையல்காரி மெஷின் ஸ்டூலில் இருந்தாள். சுவரில் ஆணி, ஆணியில் புத்தம்புது அளவுக் காகிதங்கள், ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு," என்றாள் அதிகாரி. "இனி நீங்க மேற்கு நகராட்சி. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கோப்பை முடிக்கணும்னா, பன்னிரண்டு வீட்டு அரசு கலைக்கப்பட்டதுன்னு நீங்க ஒரு கடிதம் கொடுக்கணும். எண் போட்டு. அந்த முத்திரையையும் என்கிட்ட ஒப்படைச்சுடணும்."

தையல்காரி மெஷினில் பாதி திறந்திருந்த சிறிய இழுப்பறையைப் பார்த்தாள். முத்திரை அதற்குள்தான் இருந்தது, பாபின்களோடு. அதை எடுக்கவில்லை. கையிலிருந்த காலரைத் திருப்பி, நூலை நறுக்கினாள்.

"பேரு போயிடுமேன்னு பார்க்கிறீங்களா? வெறும் காகிதம்தானேம்மா. 349-ன்னு போட்டு ரெண்டு வரி எழுதினாப் போதும். என்ன, எழுதித் தர்றீங்களா?"

பின்னாலிருந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதி வரைக்கும் தடதடவென்றுதான் விழும். விளிம்பை எட்டும்போது சத்தம் மெலிந்து உயரும். பதினெட்டு நாளில் அவளுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. காலரை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அதிகாரி இன்னும் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறையை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி மூடிவிட்டு, தையல்காரி குழாயை மூடப் போனாள்.